கேப்டன் மாறிய ஆடி மாதம்

டிவிக்குள் எது தப்பாக நடந்தாலும் அதைச் செய்தவன் கேபிள்காரன்தான் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. கிரிக்கெட்டில் தோற்றால் நாங்கள். மழை வரும் என்று செய்தியில் சொல்லி வராவிட்டால் நாங்கள். பொங்கலுக்குப் போட்ட படத்தையே தீபாவளிக்கும் போட்டால் அதுவும் நாங்கள். கரண்ட் ஆபீஸிலும் கேஸ் ஏஜென்சியிலும் தண்ணீர் டேங்கிலும் வேலை பார்க்கும் அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்து திட்டு வாங்குகிறவர்கள்.

நான் லைன் ஓட்டுவது சிதம்பரத்திலும் அண்ணாமலை நகரிலும். இத்தனை காலத்தில் வாங்கிய திட்டுகளில் பெரியது, ஒரு விண்வெளிக் கப்பலின் கேப்டனை நான் மாற்றிவிட்டேன் என்று வாங்கியதுதான். ‘விண்துறை’ என்று ஒரு தொடர், சாயங்காலம் ஏழரைக்கு, ஏழெட்டு வருஷமாக ஓடுகிறது. கேப்டன் வான்மதி என்ற பெண் ஒரு ஓட்டைக் கப்பலையும் எந்நேரமும் சண்டை போடும் சிப்பந்திகளையும் வைத்துக்கொண்டு கிரகம் கிரகமாகப் போவாள். மற்ற தொடர்களில் கல்யாணம் நின்றுபோகும், இதில் கிரகமே சுற்றாமல் நின்றுபோகும். எங்கள் ஊரில் மாமியாரும் மருமகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்த்த ஒரே தொடர் இதுதான். அப்படிப்பட்ட தொடரில் ஒரு ஆடி மாதம் வான்மதியாக நடித்தவர் விலகிக்கொள்ள, வேறொருவர் வந்தார்.

பாக்ஸில் கோளாறு

அன்று ஏழு நாற்பதுக்கு என் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. ஒருவர் சிக்னல் சரியில்லை என்றார். ஒருவர் சேனல் மாறி வருகிறது என்றார். கீழவீதியில் ஒரு அம்மா பாக்ஸை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, கார்டைக் கழற்றித் துடைத்தும் பார்த்துவிட்டு, அப்புறம் என்னைக் கூப்பிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அப்போது கம்பத்தில் ஏணி போட்டு நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணாமலை நகரில் லாட்ஜ்கள் இருக்கும் தெருவில் செல்போன் கடை வைத்திருப்பவர் ஜப்பார் பாய். மலேசியாவில் வேலை பார்த்தபோதும் இந்தத் தொடரை ஒரு நாள் விடாமல் பார்த்தவர், ஊர் திரும்பியும் பார்க்கிறவர். அவருக்குத் தெரியாத பாக்ஸ் கிடையாது, மதர்போர்டையே பிரித்து மாட்டுவார். அவர் ஃபோன் வந்ததும் அப்பாடா, ஒரு விவரமான ஆள் என்று எடுத்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

“தம்பி, ஒங்க லைன்ல கேப்டன் மூஞ்சி மட்டும் மாறி வருது. மத்தவுங்க எல்லாம் கரெக்டா இருக்காங்க, என்னான்னு பாருங்க.”

கீழே ஓடிய துணிக்கடை

நம் தொடர்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் மாறினால் புது முகம் உள்ளே வரும்போது காட்சி அப்படியே உறைந்து நிற்கும். அடியில் ‘இவருக்குப் பதில் இனி இவர்’ என்று ஒரு வரி வரும். நாம் ஒரு பெருமூச்சு விட்டு ஒத்துக்கொள்வோம். அம்மா மாறியிருக்கிறாள், அண்ணன் மாறியிருக்கிறான், கைக்குழந்தைகூட மாறியிருக்கிறது. அந்த ஒரு வரி இருந்தால் போதும். இந்தத் தொடரிலும் அதைப் போட்டிருந்தார்கள். கடலூரில், மஞ்சக்குப்பம் பக்கம் லைன் ஓட்டும் என் நண்பரிடம் விசாரித்தேன். அங்கே எல்லாரும் அந்த வரியைப் படித்து, ஒருநாள் வருத்தப்பட்டு, மறுநாளே பழகிவிட்டார்களாம்.

எங்கள் ஊருக்கு அந்த வரி வந்து சேரவில்லை. அது வந்த இடத்தில், அதே நேரத்தில், ஒரு துணிக்கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம் பட்டையாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கண்ட்ரோல் ரூமில் இருந்து விளம்பரப் பட்டை ஓட்டுவது என் மனைவியின் தம்பி இளங்கோ. வழக்கமாக மெலிசாக ஓட்டுவான், ஆடி என்பதால் அகலமாக்கியிருந்தான். இதில் இன்னொரு சிக்கல். இந்தக் கதையில் வில்லன்கள் நிழலர்கள் என்று ஒரு கூட்டம். யார் உருவத்துக்குள்ளும் புகுந்துகொள்வார்கள். ஆகவே சிதம்பரமும் அண்ணாமலை நகரும் ஒரே ராத்திரியில் முடிவு கட்டிவிட்டன: உண்மையான கேப்டனை எங்கோ அடைத்துவிட்டு ஒரு நிழலி வந்து உட்கார்ந்திருக்கிறாள். மச்சானைப் பிடித்துக் கேட்டேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை.

“கேப்டன் ஒருத்திதான மாமா மாறுனா? கடைல மொத்த ஸ்டாக்கும் மாறுது, அத ஜனங்களுக்குச் சொல்ல வேணாமா?”

அடுத்த சேனலில் கைதி

இரண்டு மூன்று வாரம் போனால் சரியாகிவிடும் என்று இருந்தேன். அதற்குள் பழைய நடிகை வேறொரு சேனலில், வேறொரு தொடரில் மருமகளாக வந்துவிட்டார். அங்கே அவருக்கு எந்நேரமும் சமையல்கட்டுதான், எந்நேரமும் கண்ணீர்தான். நடிகை பிழைக்க வேண்டாமா, நல்ல சம்பளம் கொடுத்திருப்பார்கள் என்று நான் நினைத்தேன். என் வாடிக்கையாளர்கள் அப்படி நினைக்கவில்லை.

ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் தனலட்சுமி அம்மா என்று ஒருவர். பல்கலைக்கழக நூலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பேச்சில் ஒரு வார்த்தை கூடுதலாக வராது. ரிமோட் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார், போனேன். ரிமோட் நன்றாகத்தான் இருந்தது. அவர் இரண்டு சேனலையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டி, எனக்குப் புரிகிறதா என்று பார்த்தார். புரியாமல் நின்றேன். என்மேல் இரக்கப்பட்டு விளக்கினார்:

“அவங்க மெமரிய அழிச்சு அந்த வீட்ல விட்டுட்டாங்க தம்பி. இல்லாட்டி கப்பல் ஓட்டுன பொண்ணு, மாமியாருக்குக் காபி ஆத்திக்கிட்டு நிக்குமா?”

ஒரு சேனல் மட்டும்

ஜப்பார் பாய் கடைக்கு எதிரே மல்லிகா அக்கா மெஸ் வைத்திருக்கிறார். சொந்த ஊர் வடலூர். கணவர் தவறிய பிறகு இங்கே வந்து அடுப்புப் போட்டவர். சாயங்காலம் லாட்ஜ் பையன்கள், கடைக்காரர்கள், பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்கள் என்று பெஞ்சு நிரம்பிவிடும். சுவரில் டிவி, ஏழரைக்குத் தோசையும் ‘விண்துறை’யும். அவர் என்னைக் கூப்பிட்டு, தீபாவளி வரைக்கும் அந்த ஒரு சேனல் மட்டும் மெஸ்ஸில் வராமல் செய்ய முடியுமா, கேட்கிறவர்களிடம் பாக்ஸ் ரிப்பேர் என்று தான் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். நான் காரணம் கேட்டேன். அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கம் கூட்டிப் போனார்.

புதுக் கேப்டன் அவருடைய மகள், பெயர் சுகந்தி. கடலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்து நேரே சென்னைக்குப் போனவள் என்பதால் இங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. தொடர்களில் கதாநாயகியின் தோழியாகவும் டாக்டருக்குப் பின்னால் நிற்கும் நர்ஸாகவும் வந்துபோய்க்கொண்டிருந்தவளுக்கு இப்போதுதான் ஒரு பெரிய வேஷம். அதுவும் நிச்சயமில்லை. ஜனங்கள் ஒத்துக்கொண்டால் பார்க்கலாம், இல்லையென்றால் தீபாவளியோடு கேப்டனைச் சாகடித்துவிட்டு அவள் தம்பியிடம் கப்பலைக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மற்ற ஊர்களில் ஒருமாதிரி ஒத்துக்கொண்டார்கள். அம்மா இருக்கும் ஊரில்தான் கள்ளி, போலி என்கிறார்கள். அக்கா அழவில்லை, தோசைக் கரண்டியைக் கையிலேயே வைத்திருந்தார்.

“நான் தோச ஊத்திப் போடுறேன், அதத் தின்னுகிட்டே எம்பொண்ணத் திட்டுறாங்க. கரண்டியால ரெண்டு வைக்கலாம்னா, எல்லாம் ரெகுலர் கஸ்டமரு.”

பட்டைமேல் சந்தேகம்

சேனலை நிறுத்த வேண்டாம், இதற்கு என்னிடம் நல்ல மருந்து இருக்கிறது என்றேன். சுகந்தியின் படத்தைப் போட்டு, ‘நம்ம ஊர் மல்லிகா மெஸ் பொண்ணு’ என்று ஒரு வாரம் பட்டை ஓட்டினால் ஊரே மாலை வாங்கிக்கொண்டு வரும். அக்கா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். பெற்றவள் முகத்துக்காக ஊர் ஒத்துக்கொண்டால் அது மொய் வைப்பது மாதிரி, அவள் நடித்து வாங்கட்டும் என்றார். சுகந்தியும் ஃபோனில் அதையேதான் சொன்னாளாம். ஒரு தாயும் மகளும் இவ்வளவு நெஞ்சுரத்தோடு இருப்பதை நான் பார்த்ததில்லை. எனக்கெல்லாம் எங்கள் சித்தப்பா பெயரைச் சொல்லித்தான் லைனே கிடைத்தது.

சரி என்று, ஊர் பேர் ஒன்றும் இல்லாமல், கேப்டன் அதே கேப்டன்தான், நடிப்பவர் மட்டும் மாறியிருக்கிறார் என்று மட்டும் ஓட்டச் சொன்னேன். இளங்கோவும் வஞ்சனையில்லாமல் பெரிய எழுத்தில் ஓட்டினான். பத்து நிமிஷத்தில் ஜப்பார் பாய் கடையைப் பாதியில் விட்டுவிட்டு, எங்கள் கண்ட்ரோல் ரூம் படியேறி நேரிலேயே வந்துவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார், மச்சான் முகத்தை உற்றுப் பார்த்தார், பிறகு என்னைத் தனியே இழுத்துக் காதோடு கேட்டார்:

“தம்பி, உண்மையச் சொல்லுங்க. ஒங்க ஆபீஸயும் நிழலனுங்க புடிச்சிட்டானுங்களா?”

ஒரு வாய் சோறு

நிழலர்களுக்குப் பசி கிடையாது, சாப்பிட மாட்டார்கள். தொடரில் எப்போதோ சொன்ன விதி இது. எழுதியவர்களே மறந்திருப்பார்கள், எங்கள் ஊர் மறக்கவில்லை. புதுக் கேப்டன் வந்ததில் இருந்து ஒருநாள்கூட எதுவும் சாப்பிடவில்லை என்று மெஸ் பெஞ்சில் ஒரு பையன் கண்டுபிடித்துச் சொல்ல, அதுவே பெரிய சாட்சியாகிவிட்டது. அக்கா இதைச் சிரித்துக்கொண்டே மகளிடம் ஃபோனில் சொல்லியிருக்கிறார். மகள் சிரிக்கவில்லை. கப்பலின் வயசான என்ஜினியர் இறந்துபோகும் காட்சி வரவிருந்தது. கேப்டன் ஜன்னல் வழியாக நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பதாக எழுதியிருந்தார்கள். சுகந்தி டைரக்டரிடம் போய், நான் நிற்கவில்லை சார், எனக்கு ஒரு தட்டுச் சோறு கொடுங்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறாள்.

அது ஒளிபரப்பான அன்று நான் மெஸ்ஸில்தான் இருந்தேன். கேப்டன் அந்தப் பெரியவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தாள். ஸ்பூன் இருந்தது, தள்ளி வைத்துவிட்டுக் கையால் ரசம் சாதத்தைப் பிசைந்தாள். இரண்டு வாய் உள்ளே போனது. மூன்றாவது போகவில்லை. உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். சுற்றி நின்ற சிப்பந்திகள் யாரும் அன்று சாப்பிட்டிருக்கவில்லை. அவர்களைப் பார்த்தாள், பிறகு அந்த உருண்டையையும் விழுங்கினாள். ஒவ்வொருவராக வந்து தட்டை எடுத்தார்கள். வசனமே கிடையாது. பழைய நடிகையாக இருந்தால் ஒரு முழ நீளத்துக்குப் பேசியிருப்பார், நாமும் கை தட்டியிருப்போம். இவள் சாப்பிட்டாள், அவ்வளவுதான். நான் கையில் இருந்த கனெக்டரைக் கீழே போட்டுவிட்டேன்.

மெஸ்ஸில் ஒருவரும் தோசையைத் தொடவில்லை. கல்லில் ஒன்று கருகிக்கொண்டிருந்தது, அக்கா அதைத் திருப்பவே இல்லை. சுகந்தியின் அப்பா தவறிய அன்று தான் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் கிடந்ததாகவும், தன்னைச் சாப்பிட வைக்க அவள் இப்படித்தான் எதிரே உட்கார்ந்து விழுங்கினாள் என்றும் என்னிடம் மெதுவாகச் சொன்னார். பெஞ்சில் ஜப்பார் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ ஒரு பையன், அப்போ இவங்க நிழலி இல்லையா பாய் என்று கேட்டான். பாய் தீர்ப்புச் சொன்னார்:

“இவதான்டா கேப்டன். அப்பிடிப் பாத்தா அந்தப் பழைய பொண்ணுதான் நிழலி, இத்தன வருஷமா நம்மள ஏமாத்திருக்கா.”

சாம்பார் வாளி

தீபாவளி வந்தது, போனது. கேப்டன் சாகவில்லை. தம்பியாக வந்தவரை வேறு கிரகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கார்த்திகையில் சுகந்திக்கு நாலு நாள் லீவு கிடைத்து ஊருக்கு வந்தாள். தொடரில் அவளுக்கு வெள்ளி நிறத் தலைமுடி, இறுக்கமான யூனிஃபார்ம். நேரில் எண்ணெய் வைத்து வாரிய பின்னல், சாயம் போன சுடிதார். அன்று மெஸ்ஸில் பரிமாறும் ஆள் வரவில்லை என்று அவளே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போனாள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன், அக்கா அடுப்படியில் இருந்தே கண்ணால் அதட்டினார்.

ஏழரைக்குத் தொடர் ஆரம்பித்தது. கேப்டன் வந்ததும் பையன்கள் விசில் அடித்தார்கள். சுகந்தி வாளியோடு அப்படியே டிவிக்கு முன்னால் நின்றுவிட்டாள். இந்த ஊர் தன்னைப் பார்ப்பதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது, அக்காவுக்கும் தெரிந்தது. ஜப்பார் பாய்க்குத் தெரியவில்லை. அவர் தட்டை ஏந்திக்கொண்டு கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டிப் பார்த்தார். கடைசியில் பொறுக்காமல், ஆனாலும் மரியாதையாகவே சொன்னார்:

“கொஞ்சம் அப்பிடித் தள்ளி நில்லும்மா, கேப்டன் தெரியல.”

அவளும் சரிங்க பாய் என்று சுவரோரம் தள்ளி நின்றுகொண்டாள், அன்றைக்கு அந்த அரை மணி நேரம் முழுக்க ஊரில் ஒருத்தர்கூட எனக்கு ஃபோன் செய்யவில்லை, எங்கள் தொழிலில் கைத்தட்டல் என்பது அதுதான்.