தீர்ப்பைத் தமிழில் சொல்ல வேண்டியவர்

எங்கள் சபையில் மொழிபெயர்ப்பவருக்குச் சம்பளம் கிடையாது. கூட்டம் முடிந்ததும் ஒரு பொட்டலம் பிரியாணி, "நல்ல செய்திண்ணே" என்று நாலு பேர். அந்த நாலு பேரும் பிரசங்கியாரின் செய்தியைத்தான் சொல்கிறார்கள். மொழிபெயர்க்கிற அருமைநாயகம் அண்ணன் இதற்காக முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. நான் மேடை ஓரத்தில் கீபோர்டு வாசிக்கிறவன். எல்லாரையும் முதுகுப் பக்கத்திலிருந்தே பார்த்துப் பழகியவன். முதுகு அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது.

அண்ணன் பிறந்தது மலேசியாவின் பெருநிலத்தில், பத்து காவான் என்கிற ஊரில். அவர் அப்பா வேலை செய்த தோட்டம் இருந்த இடத்தில் இன்று தொழிற்பேட்டை நிற்கிறது. அதில் ஒரு தொழிற்சாலையில் இவர் ஷிப்ட் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடல் பாலத்தைத் தாண்டித் தீவிலிருக்கும் ஜார்ஜ்டவுனுக்கு வந்துவிடுவார். லிட்டில் இந்தியாவுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் மண்டபம். வெளியூரிலிருந்து இங்கிலீஷில் பிரசங்கிக்க யார் வந்தாலும், அவருக்கு அரை அடி பின்னால், இடது பக்கமாக, அண்ணன் நிற்பார்.

அந்த அரை அடிக்குச் சட்டங்கள் இருந்தன. பிரசங்கியார் கையைத் தூக்கினால் இவரும் தூக்க வேண்டும். அவர் அழுதால் அழ வேண்டும். அவர் "நான்" என்றால் இவரும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "நம்ம சரக்கு ஒரு சொட்டுகூட கலக்கக் கூடாது தம்பி" என்பார் என்னிடம். ஒருமுறை ஒரு பிரசங்கியாருக்கு விக்கல் வந்தது. அண்ணன் விக்கவில்லை. அவர் வைத்த பாக்கி அது ஒன்றுதான்.

யுத்தச் செய்தி என்றால் அவருக்குத் தனிக் குஷி. எரிகோவின் மதில் விழும்போது மைக் அதிரும். கர்த்தர் அசீரியாவைக் கோலாகக் கையில் எடுத்தார், பாபிலோனின் குதிரைகளைக் கூப்பிட்டு அனுப்பினார், கீழ்ப்படியாத ஜனத்தின் நகரம் எரிந்தது என்று அவர் சொல்லும்போது முன்வரிசைக் குழந்தைகள் அம்மா மடியில் ஒண்டிக்கொள்ளும். நானும் கீழ்க்கட்டைகளை அழுத்தி இடி முழக்குவேன். எரிகிற ஊர் தூரத்தில் இருந்தால் நெருப்பு அழகாகத்தானே தெரியும்.

பிறகு அவருடைய ஒரே மகன் ரூபன், ராணுவ உடுப்பு போட்டு, ஐ.நா. அமைதிப்படையோடு லெபனானுக்குப் போனான்.

போவதற்கு முன் வந்த கிறிஸ்துமஸுக்குத் தன் கூட்டாளி இக்மலையும் வீட்டுக்குக் கூட்டி வந்தான். அவனும் அதே படைப்பிரிவு. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் ஷேக் அலாவுதீன் பாயின் மகன். குணவதி அக்கா, அதாவது அண்ணனின் மனைவி, அவனுக்காக ஹலால் கோழி தேடி வாங்கிச் சமைத்தார். இரண்டு பேரும் சட்டியை வழித்துத் தின்றுவிட்டு, வயிறு உப்பி, சோபாவில் சாய்ந்து கிடந்ததை நானும் பார்த்தேன்.

நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தி வந்தது. ரோந்து போன அமைதிப்படை வண்டி ஒன்றின் பக்கத்தில் குண்டு விழுந்திருக்கிறது. மலேசிய வீரர் ஒருவருக்குப் பலத்த காயம். பெயர் சொல்லவில்லை. ரூபனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை.

அன்று மத்தியானம் பல சபைகள் சேர்ந்த கூட்டம். பெருநிலத்திலிருந்து இரண்டு பஸ் நிறைய ஜனம். கோலாலம்பூரிலிருந்து பாஸ்டர் ஜெரால்ட் வந்திருந்தார். தமிழ் ரத்தம்தான், ஆனால் தமிழில் 'வணக்கம்' தாண்டி ஒரு சொல் வராது.

"அண்ணே, வீட்டுக்குப் போங்கலா. நான் வேற ஆள் பாக்குறேன்" என்றேன்.

"வேற ஆளு யாரு இருக்கா? வீட்ல உக்காந்தா போனையே பாத்துக்கிட்டு கெடப்பேன்" என்றார். "பாஸ்டர்கிட்ட சொல்லிடாத. அவருக்குப் பிரசங்கத்துல மனசு ஓடாது."

குணவதி அக்கா மூன்றாவது வரிசையில், மடியில் போனை மல்லாக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பாஸ்டர் ஜெரால்ட் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேதத்தை மதிக்கிறவர். யூதர்களும் நாமும் ஒரே தீர்க்கதரிசிகளைத்தான் வாசிக்கிறோம் என்று ஆரம்பித்தார். யுத்தம் என்பது ராஜாக்களின் விளையாட்டு இல்லை, அது நீதிபதியின் சுத்தியல் என்றார். அண்ணன் சுத்தியலைத் தமிழில் ஓங்கினார். குரலில் பிசிறில்லை. முதுகு மட்டும் பலகை மாதிரி விறைத்திருந்தது.

பிறகு திரையில் லெபனானின் வரைபடம் வந்தது. பாஸ்டர் நடந்துபோய் அதில் விரலை வைத்தார்.

"இன்று எரிகிற நெருப்பை யார் மூட்டியது? மனிதனா?" என்றார் இங்கிலீஷில்.

"இன்று எரிகிற நெருப்பை மூட்டியது யார்? மனுஷனா?" என்றார் அண்ணன்.

"இல்லை! லெபனானே, உன் கதவுகளைத் திற, நெருப்பு உன் கேதுரு மரங்களைத் தின்னட்டும் என்று தீர்க்கதரிசி அன்றே கூப்பிட்டான். அது இன்று நடக்கிறது. சந்தோஷப்படுங்கள், ஆமென் சொல்லுங்கள்!"

பாஸ்டர் கையைத் தூக்கியபடி நின்றார். அண்ணனும் கையைத் தூக்கினார். சத்தம் வரவில்லை.

மைக் கோளாறு என்று நினைத்து ஒலிக்காரர் எதையோ திருகினார். பாஸ்டர் சிரித்த முகமாகவே அதை இன்னொரு தடவை சொன்னார். மண்டபம் முழுக்க ஆமென் சொல்ல வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. அக்கா தலையைத் தூக்கிப் புருஷனைப் பார்த்தார். என் விரல் தானாகக் கட்டையை விட்டது.

"அந்தக் கதவுக்குப் பின்னால என் மகன் இருக்கான்" என்றார் அண்ணன்.

தூக்கிய கை இறங்கவில்லை. "காலையிலேருந்து கூப்புடுறேன், எடுக்கல. ஆண்டவரே, உம்மையும்தான் கூப்புடுறேன். நீர் பொல்லாப்பப் பாக்கச் சகிக்காதவராச்சே. இத மட்டும் எப்படிப் பாத்துக்கிட்டு இருக்கீர்? தீர்ப்புன்னா, என் புள்ள மேலயா?"

ஆபகூக் என்கிற தீர்க்கதரிசி ஆண்டவரிடம் போட்ட பழைய சண்டைதான் அது. ஆனால் அன்று யாருக்கும் ஆபகூக் ஞாபகம் வரவில்லை. மண்டபமே உடைந்து அழுதது. பாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. தன் செய்திதான் இப்படிப் பலமாக இறங்குகிறது என்று நினைத்து, கண்ணை மூடி, ஜெபத்துக்கு முன்னால் வரும்படி சைகை காட்டினார்.

எங்கள் சபையாருக்கு விஷயம் விளங்கிவிட்டது. பஸ்ஸில் வந்தவர்களுக்கு அருமைநாயகம் யாரென்றே தெரியாது. மேடையில் "நான்" என்றால் அது பிரசங்கியார். மொழிபெயர்ப்பவருக்கு ஏது மகன்? அவர்கள் பாஸ்டரை நோக்கி வரிசையாக வந்தார்கள். முதலில் வந்த ரமணி என்கிற பெண்மணி அவர் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஐயா, ஒங்க மகனுக்கு ஒண்ணும் ஆகாது. நான் உபவாசம் இருந்து ஜெபிக்கிறேன்யா."

பாஸ்டர் திரும்பி, "என்ன சொல்கிறார்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

அண்ணன் பழைய சட்டத்துக்குத் திரும்பினார். ஒரு சொட்டுக் கலக்காமல் மொழிபெயர்த்தார். "உங்கள் மகனுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார். உபவாசம் இருந்து ஜெபிப்பாராம்."

"எனக்கு மகன் இல்லையே. இரண்டும் பெண்கள்."

"தெரியும் பாஸ்டர். மகன் எனக்கு." அண்ணன் திரையைக் காட்டினார். வரைபடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "அங்கே இருக்கிறான்."

பாஸ்டர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். ரமணி அம்மா அவர் கையை விடவில்லை, ஜெபித்துக்கொண்டே இருந்தார். பாஸ்டர் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, "என் மகன் இல்லை" என்று சொல்லவும் இல்லை. தலையைக் குனிந்து அடுத்தவர் மகனுக்கான ஜெபத்தை வாங்கிக்கொண்டார்.

அப்போது அக்காவின் போன் அடித்தது.

"ரூபன்! ரூபன் பேசுறான்!" என்று மேடைக்கே ஓடி வந்தார். "ஸ்தோத்திரம்! ஏசப்பா, ஸ்தோத்திரம்!"

அண்ணன் போனை வாங்கிக் காதில் வைத்தார். முதல் நொடி முகம் மலர்ந்தது. பிறகு கேட்கக் கேட்க அது சுருங்கியது. "சரிய்யா. நானே போறேன். நேர்ல சொல்றேன்" என்று வைத்தார்.

எங்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "அடிபட்டது இக்மலு. ரூபனோட எடத்துல இன்னிக்கு அவன் போயிருக்கான். ஒரு காலு போச்சு. 'ஆர்மியிலேருந்து போன் வர்றதுக்குள்ள ஒங்க அப்பாவே எங்க வீட்ல போய்ச் சொல்லட்டும்டா, எங்கம்மாவுக்கு நெஞ்சு வீக்கு'ன்னு இக்மல் ரூபன்கிட்ட சொல்லியிருக்கான்."

அக்கா கத்தியதிலிருந்து பாஸ்டருக்கு மகன் பிழைத்தது மட்டும் புரிந்தது. கண்ணீரோடு மைக்கை அண்ணன் வாய்க்கருகே பிடித்தார். "சொல்லுங்கள் பிரதர். நெருப்பு உங்கள் மகனைத் தொடாதபடி ஆண்டவர் காத்தார் என்று சொல்லுங்கள்."

அண்ணன் மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா தூக்கிய கைகளை மெல்ல இறக்கினார். அந்தக் கைதான் இக்மலுக்குச் சோறு போட்டது.

"என்னால் முடியாது பாஸ்டர்" என்று சொல்லி, இக்மலுக்கு நேர்ந்ததை இங்கிலீஷில் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டு, மேடையை விட்டு இறங்கினார்.

அக்கா பின்னால் போனார். நானும் போனேன். தெருவில் வந்து திரும்பிப் பார்த்தால், கோட்டும் டையுமாக, வேர்க்க விறுவிறுக்க, பாஸ்டர் ஜெரால்ட் வருகிறார். மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் மைக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வார், அதனால்தான் வருகிறார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதற்காக அவர் வரவில்லை என்பது கடைக்குப் போன பிறகு தெரிந்தது.

வழியில் அண்ணன் ஒரே ஒரு தடவை பேசினார். "இத்தன வருஷத்துல எத்தன பட்டணத்த எரிச்சிருப்பேன் தம்பி" என்றார்.

ஷேக் அலாவுதீன் பாய் கல்லாவில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் பல்லெல்லாம் சிரிப்பு. "வாங்கண்ணே, வாங்க. என்னா படையோட வந்திருக்கீங்க? உக்காருங்கலா, சூடா ஒரு கிளாஸ் தே தாரே போடச் சொல்றேன். பயலுக போன் பண்ணானுங்களா?"

அண்ணன் அவர் கையைப் பிடித்தார். இவ்வளவு காலம் அடுத்தவர் வார்த்தையை அள்ளி அள்ளிக் கொடுத்த மனிதருக்குத் தன் சொந்த வார்த்தை வர நேரமானது.

"பாய், இக்மல் உயிரோட இருக்கான்" என்றார்.

பாயின் சிரிப்பு நின்றது. 'உயிரோட' என்று ஒருவர் ஆரம்பித்தால் அடுத்து வருவது என்னவென்று எந்தத் தகப்பனுக்குத் தெரியாது? அண்ணன் மீதியைச் சொல்லத் தொடங்கினார். கால் என்ற சொல்லில் உடைந்து, பாயின் தோளில் முகத்தை வைத்து அழுதார்.

பாஸ்டர் ஜெரால்ட் அவருக்கு அரை அடி பின்னால், இடது பக்கமாக நின்றார். தமிழ் ஒரு சொல்லும் புரியாமல், அண்ணன் அழ அழ அவரும் அழுதுகொண்டிருந்தார்.