பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பிடி மண்

ஜும்ஆ தொழுகைக்கு நடந்துகொண்டிருக்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதையில் ஒரு நாய் பிரியமாக என் காலை நக்கிவிடுகிறது. எங்கள் முறைப்படி காலை ஏழு தடவை கழுவ வேண்டும்; அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரில். சுற்றிலும் சிமெண்ட் தரைதான். பூக்கடை அக்காவிடம் சொல்கிறேன். அவர் ரோஜாத் தொட்டியையே தூக்கி வருகிறார்.

“எடுங்கண்ணே, நல்ல மண்ணு லா. மாட்டுச் சாணி போட்டது.”

“சாணியும் அசுத்தம்தான்க்கா.”

“அப்போ இதுல கழுவுனா, கழுவுனதையும் கழுவணுமா?”

சிரித்தபடி ஒரு வாளித் தண்ணீரைத் தந்து, எதிரே சாலையில் தோண்டும் பள்ளத்தைக் காட்டுகிறார். பள்ளத்துக்குள் நிற்கும் இந்தோனேசியத் தொழிலாளி, நான் சுருட்டிவிட்ட பேண்ட்டைப் பார்த்து, “நாயா?” என்று மலாயில் கேட்கிறார். தலையாட்டுகிறேன். ஒரு பிடி மண்ணை அள்ளி நீட்டுகிறார்.

“நேற்று என்னை.”