கமால் சார் கேட்ட ரத்தம்

ஞாயிற்றுக்கிழமை காலை காய்கறிக் கடையில் நின்றபோது கமால் சாரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வழக்கம்போல யாருக்கோ ரத்தம் வேண்டும் என்று நினைத்து, "எந்த ஆஸ்பத்திரி சார்?" என்றேன். பேசியது அவருடைய மைத்துனர். "மச்சான் மவுத்தாயிட்டாக சார். விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாக, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள உசுரு போயிருச்சு" என்றார். காய்களை அப்படியே வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

காரைக்குடியில் ஒரே பள்ளியில் பதினோரு ஆண்டுகள் சேர்ந்து வேலை பார்த்தோம். அவர் உடற்கல்வி ஆசிரியர், நான் கணக்கு ஆசிரியர். சுற்று வட்டாரத்தில் ரத்தம் தேவைப்பட்டால் அவருக்குத்தான் போன் வரும். இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களில் பலர் அவர் கேட்டு ரத்தம் கொடுத்தவர்கள். நான் கொடுத்த கதை மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு பி நெகட்டிவ். எளிதில் கிடைக்காத வகை. ஊசி என்றாலோ உள்ளங்கை வியர்த்துவிடும். பள்ளி அடையாள அட்டையில் ரத்த வகை அச்சிட்டிருந்ததால், கமால் சார் எதிரே வரும்போதெல்லாம் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வேன். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

ஒரு மதியம் வகுப்பு வாசலில் வந்து நின்றார். மானகிரிப் பெண் ஒருத்திக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. "உங்க கார்டுல என்ன போட்டிருக்குன்னு எனக்குத் தெரியும் சார். தெரியாத மாதிரியே இருந்துட்டேன். இன்னைக்கு வேற ஆள் கிடைக்கல" என்றார். கேட்டுவிட்டு, நான் யோசிக்கட்டும் என்று மைதானத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. "வண்டிய எடுங்க சார்" என்றேன்.

எடை பார்த்தார்கள், விரலில் குத்திச் சோதித்தார்கள். கட்டிலில் படுத்ததும் என் கண் ஊசியை விட்டு நகரவில்லை. "ஊசியப் பாக்காதீக, என் மூஞ்சியப் பாருங்க. அதுவும் அவ்வளவு நல்லா இருக்காது" என்றார் கமால் சார். சிரித்து முடிப்பதற்குள் ஊசி ஏறியிருந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எழுந்து பிஸ்கட்டும் ஜூஸும் சாப்பிடும்போது, "நீங்க இதுவரைக்கும் எத்தன தடவ குடுத்திருக்கீக?" என்று கேட்டேன்.

"ஒரு தடவகூட இல்ல சார். சுகருக்கு இன்சுலின் போடுறேன்ல, என்கிட்ட எடுக்க மாட்டாக. தெனமும் ரெண்டு ஊசி, அதால அடுத்தவுகளுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. அதான் மத்தவுகளக் கேட்டுக்கிட்டுத் திரியிறேன்" என்றார், இதெல்லாம் ஒரு விஷயமா என்பதுபோல.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் கணவர் பிள்ளையார்பட்டிக் கொழுக்கட்டையோடு பள்ளிக்கு வந்தார். கமால் சார் வாங்கவில்லை. "இங்குட்டு இல்ல தம்பி, அங்குட்டு நிக்கிறாரு பாருங்க, அவருகிட்டக் குடுங்க" என்று என்னைக் காட்டினார். அவர் என் முன்னால் வந்தார். "எந்தக் கையி சார்?" என்று மட்டும் கேட்டார். இடது கையை நீட்டினேன். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு கமால் சாரோடு நானும் ஆள் தேடிப் போக ஆரம்பித்தேன். திருப்பத்தூரில் ஒரு கடைக்காரர் முகத்தில் அடித்தாற்போல முடியாது என்றுவிட்டார். எனக்கு ஆத்திரம். கமால் சாரோ, "பரவால்லண்ணே, நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு அவர் கடையிலேயே சோப்பு வாங்கினார். வெளியே வந்ததும் என்னிடம், "பயந்தவுக மேல கோவப்படக் கூடாது சார். கோவப்பட்டா அடுத்த தடவ கேக்க முடியாதுல்ல" என்றார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் மனைவி பேசினார். "அவுக போனுக்கு ரத்தம் கேட்டு யாரோ கூப்பிட்டிருக்காக. நீங்க பாத்துக்கிறீகளா?" என்றார். அவர் சேர்த்து வைத்திருந்த எண்களை வாங்கி ஒவ்வொன்றாக அழைத்தேன். முதல் மூன்று பேர் முடியாது என்றார்கள். மூவரிடமும், "பரவால்ல, நல்லா இருங்க" என்று மனதாரச் சொல்ல முடிந்தது. கமால் சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த மனதைத்தான். நான்காவதாக நான் அழைத்த பெண், "எங்க வரணும் சார்?" என்றார்.