ஒரு 'ஆச்சா'வில் கிடைத்த அருள்

முருகன் அடியார்களே, இது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதுகிறேன்.

என் மகள் பவானிக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய். படிப்பில் கெட்டிக்காரி. சுந்தரவனத்துச் சேற்றில் உப்பு ஏறுவதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். 2007-இல் அவளுடைய துறையில் ஒரு கூட்டம். பேச எழுந்தவள் தன் பெயரிலேயே சிக்கிக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து படுத்தவள், "போ... போதும்பா" என்றாள். அவ்வளவுதான். சாப்பாடு குறைந்தது, பேச்சு நின்றது. மாலையில் மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் ஓரம் தனியாகப் போய் நிற்பாள். துணி எடுக்க வந்தவன் போல நானும் பின்னாலேயே போவேன். இங்கே கல்கத்தாவில், கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது கூட மனம் அந்தச் சுவரிலேயே நிற்கும்.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் அவள் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். யாரும் நேரில் போக வேண்டியதில்லை, எல்லாம் இணையத்திலேயே. பேச்சை முன்கூட்டியே வீடியோவாகப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன். அவளோ, "இதுவும் முடியலைன்னா எல்லாத்தையும் வி...விட்டுடறேன்பா" என்றாள். எல்லாத்தையும் என்றால் எதை? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

துர்கா பூஜை முடிந்து காளி பூஜைக்குப் பந்தல் கட்டத் தொடங்கியிருந்த நாட்கள். லேக் கார்டன்ஸில் எங்கள் கீழ்வீட்டுத் தபன், கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காமிராவோடு வந்தான். முன்னறையில் திரை, விளக்கு எல்லாம் தயார். மறுநாள் கூரியரில் சி.டி. போயாக வேண்டும்.

பவானி உட்கார்ந்தாள். "மை நேம் இஸ் ப... ப..." நின்றுவிட்டது. மறுபடியும். மறுபடியும். காமிராவின் சிவப்பு விளக்கையே வெறித்தாள். தபன் அதன் மேல் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டினான். அப்படியும் வரவில்லை. வெளியே மூங்கில் அடிக்கும் சத்தம், தண்ணீர் மோட்டார், ரிக்ஷாவின் பாம் பாம். என் உதடு வேறு அவளோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது.

"நீங்க நிக்கிறதைப் பாத்தா எனக்கே வாய் திக்குது. வெளியில போங்க" என்றாள் என் மனைவி.

தபனும் சிரித்துக்கொண்டே வங்காளத்தில், "மேஷோமஷாய், படியில நின்னு சத்தத்தைப் பாத்துக்குங்க. அடங்கினதும் ஒரு குரல் குடுங்க, நான் ஓட்டறேன்" என்றான். இங்கே அக்கம்பக்கத்துப் பெரியவரை அப்படித்தான் அழைப்பார்கள்.

சத்தம் அடங்கும்போதெல்லாம் "ஷுரு கோரோ", ஆரம்பி, என்று வங்காளத்தில் கத்தினேன். கத்தும் ஒவ்வொரு தடவையும் உள்ளே அதே "ப... ப..." கடைசியில் அவள் அழுகிற சத்தம் கேட்டது. தபன், "கொஞ்சம் தண்ணி குடி, பவானி" என்றான்.

படியில் உட்கார்ந்துவிட்டேன். அதுவரை முருகனிடம், அவள் திக்காமல் பேச வேண்டும் என்றே கேட்டுவந்தேன். அன்று அது வாயில் வரவில்லை. "முருகா, எனக்குக் கேட்கத் தெரியவில்லை. பிள்ளை எனக்கு வேண்டும். அவளை விட்டுவிடாதே" என்று மட்டும் சொன்னேன். சட்டை நனைந்துவிட்டது.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பயம் பிடித்துக்கொண்டது. எழுந்து கதவருகே போய், நம் வீட்டு வழக்கப்படி, "ஆச்சா?" என்று கேட்டேன். முடிந்ததா என்றுதான் கேட்டேன். ஆனால் வங்காளத்தில் 'ஆச்சா' என்றால் 'சரி'. தபன் அதைச் சைகை என்று எடுத்துக்கொண்டு பொத்தானை அழுத்திவிட்டான்.

பவானிக்குத் தமிழ் கேட்டது. "இன்னும் இல்லப்பா. ஒரு தடவை சும்மா சொல்லிப் பாக்கறேன்" என்றாள். சிவப்பு விளக்கை டேப் மறைத்திருந்ததால் காமிரா ஓடுவது அவளுக்குத் தெரியாது. அவள் சொன்ன தமிழ் தபனுக்குப் புரியாது.

பிறகு அவள் பேசினாள். தன் பெயரைச் சொன்னாள். சேற்றைச் சொன்னாள், உப்பைச் சொன்னாள், செத்துக்கொண்டிருக்கும் மரங்களைச் சொன்னாள். இரண்டு இடத்தில் தடுமாறி, தாண்டிப் போனாள். கதவுக்கு வெளியே கந்தனின் பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றேன். மூங்கில் அடிப்பவர்கள் டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். மோட்டாரும் போடவில்லை.

"ஹோயே கேச்சே!" முடிந்துவிட்டது என்று தபன் கத்தினான்.

"என்ன முடிஞ்சுது? அது ஒத்திகை, தபன் அண்ணா!" என்றாள் பவானி.

"மேஷோமஷாய்தானே ஆச்சான்னார்!"

நான் உள்ளே ஓடினேன். "அடடா, நான் முடிஞ்சுதான்னு கேட்டேன்!" என்றேன். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது பவானிதான். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! தபன் போட்டுக் காட்டினான். அவள் தன்னையே, யாரோ தெரியாத பெண்ணைப் பார்ப்பது போல, இமைக்காமல் பார்த்தாள். முன்னால் இருந்த தமிழை மட்டும் வெட்டிவிட்டு மறுநாள் அனுப்பினோம்.

தற்செயல் என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். இத்தனை வருஷமாகக் கல்கத்தாவில் அந்த வார்த்தையைச் சொல்லிவருகிறேன். அந்த நிமிஷத்தில், அந்தக் கதவருகில் அதை என் வாயில் வைத்தவன் யார் என்பது எனக்குத் தெரியும்.

அவளுக்குத் திக்குவாய் போய்விடவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். போன மாதம் இங்கேயே சால்ட் லேக்கில் ஒரு கூட்டத்தில் நேரில் பேச அழைத்திருந்தார்கள். "நீங்க வரவேண்டாம்பா" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினாள். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பூஜை அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மத்தியானம் போன் வந்தது.

"நல்லாவே தி...திக்கினேன்பா" என்றாள். "எல்லாரும் காத்திருந்தாங்க. சொல்லி முடிச்சேன். பசிக்குது, அம்மாவைச் சாதம் வைக்கச் சொல்லுங்க."

பசிக்கிறது என்று என் பெண் சொன்னாள். போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

உங்கள் பிள்ளைக்காக நீங்களும் எந்தக் கதவுக்கு வெளியிலாவது நின்றுகொண்டிருக்கலாம். என்ன வேண்டுவது என்று தெரியாமல் தவிக்கலாம். தெரியாவிட்டால் பரவாயில்லை, அவன் பெயரைச் சொல்லுங்கள். குழறினாலும் சொல்லுங்கள். அவனுக்குப் புரியும்.