அக்கரைக்குப் போய்த் திரும்பிய மாலைகள்

செய்தி வந்தபோது நான் டிக்கெட் கவுண்டரில் இருந்தேன். ஹாவ்லாக் கப்பலுக்கான வரிசை வாசல்வரை நின்றது. போனில் வசந்தாக்காவின் மகள் ரேவதி. "ஆன்ட்டி, அம்மா இல்ல. காலையில சாயா போடப் போனவங்க அப்படியே கீழ உக்காந்துட்டாங்க. அவ்வளவுதான்." கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒருவர், "மேடம், ஜல்தி கீஜியே" என்று அவசரப்படுத்தினார். என் கை டிக்கெட் அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் வசந்தாக்காவின் கவுண்டர் காலியாக இருந்தது. சொல்லாமல் லீவு போட்டுவிட்டாரே என்று அதுவரை அவர்மேல் எரிச்சலில் இருந்தேன்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் 'வசந்தா தீதி'. தீவிலேயே தலைமுறைகளாக வாழும் குடும்பம். தமிழில் தொடங்கும் வாக்கியம் இந்தியில் போய் முடியும். அவர் கதை எழுதுகிறவர் என்பது சிலருக்கே தெரியும். மெயின்லேண்ட் பத்திரிகையில் அவர் கதை வெளியாகி, இதழ் இங்கே வந்து சேர்வதற்குள் அவர் வேறொரு கதைக்குள் போயிருப்பார்.

அவர் எழுதியதெல்லாம் ஃபெரியில்தான். வீடு அக்கரையில், பாம்பூஃப்ளாட்டில். வேலை முடிந்து சாத்தம் ஜெட்டியில் ஏறி அக்கரை சேரும்வரை, பின்பக்க பெஞ்சில் மடிமேல் டிபன் பையும் அதன்மேல் பரீட்சை அட்டையுமாக எழுதுவார். நானும் கதை எழுத முயன்றுகொண்டிருந்தேன்; இக்கரையில், மின்னி பேயில் இருக்கும் என் வீட்டில் ஒரு பக்கம்கூட நகரவில்லை என்று ஒருநாள் அவரிடம் புலம்பினேன்.

"அரே, நீயும் ஏறு" என்றார்.

"எனக்கு அக்கரையில என்னக்கா வேலை?"

"ஒரு வேலையும் இல்லல்ல? அப்ப எழுதலாம்."

அப்படித்தான் தொடங்கியது. போகும்போது அவரோடு, அவர் இறங்கியதும் அதே ஃபெரியில் தனியாகத் திரும்புவேன். ஏறிவிட்டால் பேச்சே கிடையாது. கயிறு கட்டும் மூர்த்தி அண்ணன் கேலி செய்வார்: "மேடம், ஆஜ் பி கூம்கே வாபஸ்? இன்னைக்கும் சும்மா சுத்திட்டுத் திரும்புறீங்களா? அக்கரை மண்ணுல காலே வைக்க மாட்டீங்களா?" வசந்தாக்கா நிமிராமலே உதட்டில் விரலை வைப்பார்.

அவர் சாந்தமானவர் அல்ல. ஒரு வாரம் நான் ஏறாமல் இருந்துவிட்டுச் சாக்குச் சொன்னபோது கவுண்டரிலேயே கத்தினார். "பிள்ளைக்குக் காய்ச்சலா, போ. நான் எதுவும் கேக்க மாட்டேன். மாமியார் மூஞ்சி சுருங்கிச்சுன்னு நின்னியே, அதுக்கெல்லாம் லீவு கிடையாது." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. மறுநாள் ஏறினேன்.

ஆபீஸில்தான் நேரமாகிறது என்று வீட்டில் அவர்களாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் கட்டட ஒப்பந்தக்காரர். அவருக்குச் சிமெண்ட் ஏற்றிவரும் நண்பர் ஒருநாள் என்னை ஃபெரியில் பார்த்துவிட்டார். பாம்பூஃப்ளாட்டில் யார் இருக்கிறார்கள் என்று அன்று மாலை கணவர் கேட்டார். குரல் உயரவில்லை. எழுதத்தான் போகிறேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எனக்கே பொய்போலக் கேட்டது. அந்தச் சில நாள்கள் வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் மட்டும்தான் இருந்தது. எழுத்தை விட்டுவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

வசந்தாக்காவிடம் சொன்னேன். அன்று ஃபெரியை விட்டுவிட்டு என்னோடு என் வீட்டுக்கு வந்தார். என் கணவரிடம் சமாதானம் எதுவும் பேசவில்லை. "பாயி சாப், சந்தேகமிருந்தா நாளைக்கு நீங்களும் ஏறுங்க. ஆனா வாயத் திறக்கக் கூடாது."

கணவர் வந்தார். எங்களுக்கு எதிரே, முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். மூர்த்தி அண்ணன்கூட அன்று கேலி செய்யவில்லை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப அடித்து எழுதினேன். நடுவில் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; வசந்தாக்காவின் விரல் உதட்டுக்குப் போனது. அக்கரை வந்ததும்தான் கணவர் கேட்டார்: "இத வீட்லயே உக்காந்து எழுதலாமே?"

"வீட்ல உக்காந்தா நீங்க சாயா கேப்பீங்க பாயி சாப்" என்று சொல்லிவிட்டு வசந்தாக்கா இறங்கிப் போனார்.

என் கணவர் சிரிக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். அக்கரையில் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகும் அவர் முகம் தெளியவில்லை. இன்னொருவர் இருந்திருந்தால் அவருக்கு எளிதாகப் புரிந்திருக்கும். யாருமே இல்லாத ஓர் இடத்துக்கு மனைவி தினமும் ஏன் போகிறாள் என்பதுதான் அவருக்கு எட்டவில்லை. அதன்பின் அவர் தடுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. வசந்தாக்காவோடு போகிறேன் என்பதால் பொறுத்துக்கொண்டார். அக்காவின் பெயரைச் சொல்லித்தான் அந்த மாலைகள் எனக்குக் கிடைத்தன.

அதனால் அவரை எரித்துவிட்டு வந்த அன்று எனக்குள் துக்கத்தோடு பயமும் இருந்தது. இதைச் சொல்வது முறையா என்று தெரியவில்லை. ஆனால் அவரை அறிந்தவர்கள் நீங்கள். அவர் அழகாகப் பேசச் சொல்லியிருக்க மாட்டார்.

பயந்தது போலவே, காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலையில் கணவர் கேட்டார். குரலில் குத்தல் இல்லை. ஒரு நிம்மதிதான் இருந்தது. "இனிமே நேரத்தோட வீட்டுக்கு வந்துடுவல்ல?"

நான் டிபன் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். என் தயக்கங்களின் மேல் கத்துவதற்கு இனி ஆளில்லை. வசந்தாக்காவின் கதைகளை ரேவதி பத்திரமாக வைத்திருக்கிறாள். அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது, எதிரே இருப்பவர் முகம் சுருங்குமோ என்று பார்க்காமல் பதில் சொல்லும் அவருடைய அந்தப் பிடிவாதம்தான்.

"இல்லங்க" என்றேன். "ஆபீஸ் முடிஞ்சு எழுதப் போறேன். அக்கரைக்குப் போய் அதே ஃபெரியில திரும்பி வருவேன்."