பொதுநிறக்காரனும் கானாக்காரனும்

கோப்பை கழுவும் வேலையில் கை மட்டும்தான் வெளுக்கும். சுடுதண்ணீரில் விரல் ஊறிப்போன உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. எண்பத்தைந்தில் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் ஒரு உணவகத்தின் பின்பக்கம் நின்று கழுவினேன். பக்கத்துத் தொட்டியில் கானா நாட்டுக் கோஃபி.

ஒரே கூப்பாடு

முதலாளி எங்கள் பெயரைக் கேட்டதே இல்லை. "கறுப்பா!" என்று கத்துவார், இரண்டு பேரும் திரும்புவோம். கோஃபியை அப்படிக் கூப்பிடட்டும், அது அவன் பாடு. கலியாணத் தரகர் என்னைப் பெண் வீட்டுக்குச் சொன்னது 'பொதுநிறம்' என்று. கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, நடுவில் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் முதலாளிக்கு விளக்கினேன். அவர் எங்கள் இருவரின் கையையும் பிடித்து விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், வித்தியாசம் இருந்தது. அவர் சொன்னது: "வடிவாய்ப் பாத்திட்டன். ரெண்டு பேரும் போய்ச் சட்டியைக் கழுவுங்கோ."

கிழங்கு மூட்டையில் வாசிப்பு

ஓய்வு நேரத்தில் நான் சிகரெட் பிடிப்பேன். கோஃபி கிழங்கு மூட்டையில் குந்திக்கொண்டு ஒரு பழைய புத்தகம் வாசிப்பான். அமெரிக்காவில் அடிமையாக இருந்த ஒரு கறுப்பன் தப்பி ஓடி, தானே எழுதின தன் கதையாம். அடி வாங்கும்போதே, ஒருநாள் மேசைக்கு முன்னால் இருந்து இதை எழுதுவேன் என்று நினைத்தானாம். எனக்கு எரிச்சல் வந்தது. ஓடிவந்த கதையை நானும்தான் அகதி விசாரணையில் சொன்னேன், என்ன கண்டேன்?

"அடி வாங்கேக்கை எவனடா மேசையை நினைப்பான்? அது உங்கடை ஆக்களின்ரை கதை, என்னை விடு" என்றேன்.

கோஃபி தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லையும் சேர்த்துக் கேட்டான்: "அண்ணை, பிறகென்னத்துக்கு ஒவ்வொரு நாளும் அடுப்பைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

பவுடர்

உண்மைதான். சமையல்காரருக்கு உதவியாள் இடம் காலியாக இருந்தது. அந்தக் குசினியில் நான் வெட்டாத வெங்காயமா? அடுப்படியோ கண்ணாடிக்குப் பின்னால், சாப்பிட வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஊரில் நல்ல காரியத்துக்குப் போவதுபோல முகத்துக்குப் பவுடரும் பூசிக்கொண்டு போய்க் கேட்டேன். முதலாளி சொன்னது: "உன்ரை வேலையில குறை இல்லை. ஆனால் உன்னைக் கண்ணாடிக்குள்ளாலை கண்டால் சனம் சாப்பிடாது. முகத்தில இருக்கிற மாவைத் துடைச்சுப்போட்டுப் போய்க் கழுவு."

கோஃபி தந்த வேலை

தொட்டிக்கு வந்து பானைகளைப் போட்டு அடித்தேன். முதலாளியின் பரம்பரையையே தமிழில் திட்டினேன். கோஃபி ஒன்றும் விளங்காமலே தலையாட்டிக் கேட்டான். பிறகு, தானும் ஒருநாள் தன் கதையை எழுதுவதாகவும் அதில் நான் வருவேன் என்றும் சொன்னான்.

"அதிலையாவது என்னை அடுப்படியில விடு" என்றேன்.

"ஏலாது அண்ணை. உன்னை முதலாளி ஆக்கப்போறன். கத்துறதுக்கு நீ இப்பவே பழகிட்டாய்."

அந்த உணவகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு, கோஃபி இன்னும் எழுதத் தொடங்காத புத்தகத்தில்தான் இருக்கிறது.