ஒரு செட்டு மாத்திரை

எங்கள் பக்கத்து மெடிக்கல் கடைகளில் ‘செட்டு’ என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. மூட்டை தூக்குகிறவர்கள், மீன் கூடை இறக்குகிறவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகுமுன் அங்கே நிற்பார்கள். “ஒரு செட்டு குடு” என்றால் போதும். அட்டையிலிருந்து விதவிதமான மாத்திரைகளைப் பிய்த்து, சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். என்ன மாத்திரை என்று அவர்களும் சொல்வதில்லை, இவர்களும் கேட்பதில்லை. டீயோடு விழுங்கினால் அன்றைக்கு உடம்பு வாய் திறக்காது. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலம் முழுக்க அப்படித்தான் நின்றார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். டிப்ளமோ முடித்து, காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் ஆனேன். பிள்ளைக்கு மூட்டை தூக்காத வேலை என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் எர்ணாவூரிலிருந்து தினமும் ட்ரெய்லர்களுக்கு நடுவே பைக் ஓட்டியதில், ஒருநாள் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. மாதக்கணக்காகியும் விடவில்லை. ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்றால் நான் ஏன் ஷூ லேஸ் கட்ட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன்? யார்டில் விடுப்பு கொடுத்தார்கள். முழு ஷிஃப்ட் நிற்க முடிந்தால் வா, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

திருவொற்றியூரில் ஒரு சின்ன பிசியோதெரபி கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த மேடம் சொன்னபோதுதான் என் வலி எனக்கே புரிந்தது.

“அடிபட்டது ஆறிடுச்சு. உங்க நரம்புக்குத்தான் அது இன்னும் தெரியல. ட்ரெய்லர் ரிவர்ஸ் எடுத்து நின்னப்புறமும் பீப் பீப்னு அடிச்சிட்டே இருந்தா எப்படி, அந்த மாதிரி. அதுக்காக உங்க வலி பொய்யில்ல. பயந்து படுத்துட்டா இன்னும் சத்தமா அடிக்கும். கொஞ்சம் கொஞ்சமா அசைச்சு, ஆபத்து இல்லன்னு அதுக்குப் பழக்கணும். மெதுவாத்தான் குறையும்.”

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அப்படியே சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். மறுநாளிலிருந்து எனக்குப் பாய் விரித்தது அவர்தான். நான் மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவார். “இன்னும் கொஞ்சம் தூக்கு. அவ்ளோதான்டா.” முடித்ததும் அவரே டீ போட்டுத் தருவார்.

“கட்டிகினு வந்த நாள்லேர்ந்து எனக்கு ஒரு டீ போட்டிருப்பியாய்யா? புள்ளைக்கு மட்டும் இன்னா சேவகம்” என்று அம்மா இடிப்பாள்.

வலி குறைந்தது. நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகவே குறைந்தது. கீழ்வீட்டில் ஒரு லோடுமேன் அண்ணன் இருந்தார், அவருக்கும் இடுப்பு வலி. “செட்டை விடுண்ணா, எக்சர்சைஸ் பண்ணு, என்னைப் பாரு” என்று படிக்கட்டில் நின்று குனிந்து நிமிர்ந்து காட்டினேன். எனக்குக் கன்னம் உப்பி முகம் வட்டமானது. “மூஞ்சி சும்மா பளபளன்னு கீதுபா” என்றார் அவர். யார்டில் மறுபடி சேர்ந்தேன்.

பிசியோ மேடத்துக்கு மட்டும் திருப்தியில்லை. “வேற ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா?” என்று கேட்டார்.

“சத்தியமா இல்ல மேடம்.”

அவர் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் அம்மாவுக்குத் தைலம் வாங்க மெடிக்கல் கடைக்குப் போனேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி.

“வாங்க தம்பி, இடுப்பு எப்படி இருக்கு? நம்ம செட்டு நல்லா கேக்குல்லா?”

“எந்த செட்டு?”

“அப்பா தெனமும் வாங்கிட்டுப் போறாவளே. நீங்க மாத்திரை முழுங்க மாட்டியளாம்லா. பொடிச்சுக் கேப்பாவ.”

தைலம் வாங்காமலே திரும்பினேன். அப்பா வாசலில் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தார். கேட்டேன். மறைக்கவில்லை.

“ஆமா, டீல போட்டேன். இப்ப இன்னான்ற? நீ தலைகாணிய கடிச்சிகினு படுத்துகினு இருந்த, நான் பார்த்துகினே குந்தினு இருக்கணுமா? முப்பது வருசம் நான் துன்னேன், செத்தா பூட்டேன்?”

“அப்ப எக்சர்சைஸ் நைனா? தினமும் எண்ணுனியே.”

“அது பாட்டுக்கு அது. நீ ஆசையா பண்ணிகினு இருந்த. நான் ஏன் வேணான்னு சொல்லணும்.”

மாத்திரையைக்கூட மன்னித்துவிடலாம். பாயில் நான் மூச்சு வாங்கியதையெல்லாம், குழந்தை மண்ணில் வீடு கட்டுவதைப் பார்ப்பதுபோல் அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என் இடுப்பு மாத்திரையால் தேறியதா, ஒரு சதவீதமாவது என் உழைப்பா, இனி எனக்குத் தெரிய வழியில்லை. கீழ்வீட்டு அண்ணன் என் பேச்சைக் கேட்டுச் செட்டை விட்டு, நாலு நாள் வேலைக்குப் போகாமல் படுத்திருந்தார். அவரிடம் எப்படிச் சொல்வேன்?

நடந்ததைச் சொன்னபோது பிசியோ மேடம் திட்டவில்லை. செட்டில் ஸ்டீராய்டு இருக்கும், கன்னம் உப்பியது அதனால்தான், சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து என்று டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார். குறையக் குறைய வலி திரும்பியது. ஒரு மதியம் யார்டில் இரும்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழு ஷிஃப்ட் நிற்க முடியவில்லை என்று ஷிஃப்ட் இன்சார்ஜிடம் நானே உண்மையைச் சொன்னேன். என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான்.

இப்போது கிளினிக்கில் பாதி உயரத்துக்குத்தான் இடுப்பைத் தூக்க முடிகிறது. “வலிக்குதா?” என்று மேடம் கேட்டால் வலிக்கிறது என்கிறேன். அதற்கேற்ப அன்றைய பயிற்சியை மாற்றுகிறார். போன மாதத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கிறேன். இது என்னுடையதுதான் என்று நினைக்கிறேன்.

அப்பாவும் தினமும் கேட்கிறார்.

“இன்னாடா, இடுப்பு எப்டி கீது?”

“நல்லா கீது நைனா” என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணிலிருந்து மறையும்வரை நிமிர்ந்தே நடக்கிறேன். வலிக்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் அவர் சும்மா இருக்க மாட்டார்.